பக்கம் இல்லாத கட்டளை

கையேட்டக்காவுக்கு ஆபீசில் என்ன வேலை என்று அவளுடைய அண்ணிக்கே பல வருஷம் விளங்கவில்லை. "கம்ப்யூட்டர் கம்பெனியில ஏதோ எழுதுறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சமாளித்துவிடுவாள். உங்களுக்கும் விளங்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. மெதுவாகச் சொன்னால் எல்லாம் விளங்குகிற விஷயம்தான்.

எழுத்துகளை அடித்து, திருத்தி, சேமித்து வைப்பதற்கான எடிட்டர் ஒன்றை அந்தக் கம்பெனி செய்து விற்றது. பத்திரிகை ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று நாள் முழுக்க விரல்கள் ஓடுகிற இடங்களிலெல்லாம் அது உண்டு. அந்த எடிட்டருக்குள் ஒரு குட்டி மொழியும் உண்டு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போனவர்கள் அந்த மொழியில் நாலு வரி எழுதி வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு எடிட்டரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த மொழியில் என்னென்ன கட்டளைகள் இருக்கின்றன, எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும், எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று கட்டளைக்கு ஒரு பக்கமாக எழுதி வைப்பதுதான் இவளுடைய வேலை. அதனால்தான் சின்னவர் பெரியவர் வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவள் கையேட்டக்கா.

மொழியைச் செய்தவர் எப்போதோ வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். கையேட்டில் பக்கம் இருக்கிற கட்டளையை யாரும் சும்மா எடுத்துவிடக் கூடாது. எடுப்பதென்றால் ஒரு பதிப்புக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். பதிலுக்கு வேறொன்றும் கொடுக்க வேண்டும். பக்கம் இல்லாத கட்டளைக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. இன்றைக்கு இருக்கும், நாளைக்குக் காணாமல் போகும், கேட்க நாதியிருக்காது. அந்த அறையில் என்ன சண்டை மூண்டாலும் கடைசியில் யாராவது ஒருவர் "பக்கம் இருக்கா?" என்று கேட்பார். சண்டை அதோடு அடங்கிவிடும்.

அக்காவுக்கும் சொந்தமாக ஒரு வழக்கம் இருந்தது. உதாரணத்தை ஓட்டிப் பார்க்காமல் எந்தப் பக்கமும் எழுத மாட்டாள். அறையில் இருக்கிற மூன்று இயந்திரத்திலும் ஓட்ட வேண்டும், மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

"மாப்பிள்ளை பாக்குற மாதிரி மூணு இடத்துல விசாரிச்சாத்தான் அக்காவுக்கு மனசு ஆறும்" என்பான் உடைப்பான்.

உடைப்பான் என்றால் சோதனை பார்க்கிற தம்பி. மற்றவர்கள் கட்டி முடித்ததைத் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று காட்டுவதுதான் அவனுக்கு வேலை. கை ராசி அப்படி. தேநீர்க் கோப்பையைக்கூட அவனிடம் யாரும் நம்பிக் கொடுப்பதில்லை.

புதுப் பதிப்பு வெளிவர இருந்த சமயம் அது. அக்கா பல வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கையேட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். பெயர் மாறிய கட்டளைகள், புதிதாக ஒரு வேலை கற்றுக்கொண்ட கட்டளைகள், கொஞ்சம் பின்வாங்கிக்கொண்ட கட்டளைகள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஓட்டி, திருத்தி, மூடினாள். ஒரு நாள் காலையில், மொழியை இப்போது கவனித்துக்கொள்கிற புதுத் தலைவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. 'பக்கம் இல்லாதவை. எடுத்துவிட்டோம். கையேட்டில் உங்களுக்கு வேலை இல்லை' என்று மேலே ஒரு வரி. வேலை இல்லை என்று சொன்னதை யார் படிப்பார்கள்? இவள் படித்தாள். எதையும் படிக்காமல் மூடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பட்டியலின் நடுவில் அது இருந்தது. இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி அதற்கொரு பெயர் உண்டு. நம் வசதிக்கு 'அடுத்தவிசை' என்று வைத்துக்கொள்வோம்.

படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

அவளுக்கு ஒரு அண்ணன். இவளுக்கு ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு இன்னும் இவள் பாப்பாதான். பெற்றவர்கள் போன பிறகு, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட தங்கையைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர். தட்டச்சில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பத்து விரலும் தகரக் கூரையில் மழை மாதிரி விழும். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், குழாயடியிலேயே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சு திரும்பியது, கால்கூட ஓரளவு திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. மடியில் வைத்தால் மடியில் கிடக்கும், மேஜையில் வைத்தால் மேஜையில் கிடக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போதுதான் தங்கைக்கு அடுத்தவிசை ஞாபகம் வந்தது. அந்தக் கட்டளையின் வேலை சின்னது. அடுத்து அழுத்துகிற விசை எது என்று காத்திருந்து பார்த்து, அதற்குப் பதிலாக வேறு எழுத்தைத் திரையில் வைக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு உபாயம் செய்தாள். இடைவெளிப் பட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இடப்பக்கத்து விசையை அழுத்தினால், கண்ணாடியில் தெரிகிற மாதிரி அதற்கு நேரெதிரே வலப்பக்கத்தில் இருக்கிற எழுத்து விழும். பாதிப் பலகையே முழுப் பலகை. வெறும் இடைவெளி வேண்டுமென்றால் பட்டையை இரண்டு தட்டு. இடது கை எங்கேயும் நகர வேண்டாம்.

மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, "அண்ணா, ஒரே ஒரு தடவை தட்டிப் பாரு" என்றாள்.

"போ பாப்பா. வெளையாட நேரமா இது?"

"தட்டேன். காசா பணமா?"

தட்டினார். எட்டாத எழுத்து எட்டியது. இன்னொரு தடவை தட்டினார். பிறகு தன் பெயரை அடித்தார், மனைவி பெயரை அடித்தார், தங்கை பெயரை அடித்தார். அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

சில மாதத்தில் அவருக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிந்து வைப்பதைக் காதில் கேட்டு, எழுத்தாக்கி அனுப்புகிற வேலை. அந்த ஆபீஸ்காரர்கள் இதே எடிட்டர் ஏற்றிய ஒரு இயந்திரத்தையும் ஒரு கால்மிதியையும் கொடுத்தனுப்பினார்கள். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். அவர் இடது கையின் வேகம் நாளாக நாளாக இரண்டு கைக்காரர்களை எட்டிப் பிடித்தது. அவருடைய விசைப்பலகையைப் பார்த்தால் தெரியும்: இடப்பக்கத்து எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்க, வலப்பக்கம் கடையிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல் இருக்கும்.

சரி, அப்படிப்பட்ட கட்டளைக்கு இவள் ஏன் பக்கம் எழுதவில்லை? எழுதத்தான் உட்கார்ந்தாள். இரண்டு இயந்திரம் சரியாகச் சொன்னது. ஜன்னலோரத்துப் பழைய இயந்திரத்தில் மட்டும் முதல் விசை அவ்வப்போது விடுபட்டுப்போனது. மூன்றும் ஒத்துப்போகாமல் எழுத மனம் வரவில்லை. பாதிப் பக்கத்தை ஓரமாக வைத்தாள். அந்தப் பழைய இயந்திரத்தைப் பிற்பாடு தூக்கிப் போட்டார்கள். அப்போதாவது எழுதியிருக்கலாம். வேறு பக்கங்கள் வந்து முன்னால் நின்றன. வீட்டில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்றை யார் நினைத்துப் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்?

அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு புதுத் தலைவரின் அறைக்குப் போனாள். புதுத் தலைவர் சின்ன வயசுக்காரர், குரல் உயர்த்தாதவர். மேஜையில் கையேடு முழுவதையும் அச்செடுத்து வைத்திருந்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருந்தன.

"வாங்கக்கா, உக்காருங்க. உங்களுக்கு வேலையே வைக்காம முடிச்சுட்டேன் பாத்தீங்களா?"

"அடுத்தவிசையை ஏன் தம்பி எடுத்தீங்க?"

"அது ஒட்டுக்கேக்குற கட்டளைக்கா. அடிக்கிற ஒவ்வொரு விசையையும் அது பாக்குது. எவனாவது கெட்ட எண்ணத்தோட நாலு வரி எழுதி அனுப்பினா, அடிக்கிறவங்களோட கடவுச்சொல் மொத்தமும் அவன் கைக்குப் போயிடும். ஆஸ்பத்திரிக்காரங்க இதைக் கேட்டுத் தொளைச்சு எடுக்குறாங்க."

"ஜாக்கிரதைன்னு கையேட்டுல எழுதிடலாமே?"

"எங்க எழுதுவீங்க? பக்கமே இல்லையே."

அக்கா கையிலிருந்த பட்டியலை மடித்தாள்.

"நான் எடுத்தோம் கவுத்தோம்னு வெட்டலக்கா" என்றார் அவர். அச்செடுத்த கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இதை முதல்லேருந்து கடைசி வரைக்கும் உக்காந்து படிச்சேன். இதுல இருக்குற ஒண்ணு மேலயும் கை வைக்கல. அடுத்தவிசை இதுல இல்ல. யாராவது உபயோகிக்கிறாங்கன்னா அக்கா விட்டிருக்க மாட்டாங்க, அப்ப யாருக்கும் வேண்டாததுதான்னு நெனச்சு எடுத்தேன்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கையேட்டை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். அப்படி ஒருத்தர் வர மாட்டாரா என்று அவள் எத்தனையோ நாள் ஏங்கியதுண்டு.

"ஒருத்தர் உபயோகிக்கிறார் தம்பி."

"யாரு?"

"என் அண்ணன்."

சொன்னாள். குழாயடியில் ஆரம்பித்து விசைப்பலகையின் தேய்ந்த பாதி வரைக்கும், நடுவில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள். புதுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை.

"பக்கத்தை இன்னிக்கே எழுதிடுறேன்" என்றாள்.

"இப்ப எழுதினா அது பொய்ப் பக்கம்தானேக்கா? உள்ள கட்டளையே இல்ல."

"திரும்ப வைங்களேன்."

"ஒருத்தருக்காகத் தெறந்து வச்சா அதுவழியா யார் வேணா வருவாங்க. ஆஸ்பத்திரிகளுக்கு எழுத்துல வாக்குக் கொடுத்தாச்சு. என் கையிலயும் இல்லக்கா." ஒரு வண்ணச் சீட்டை உரித்து மேஜையில் ஒட்டினார். "அனுமதி கேட்டுக்கிட்டு வேலை செய்யுற மாதிரி புதுசா ஒண்ணு பண்ணலாம். செய்ய வேண்டியதுல எழுதி வைக்கிறேன்."

"எப்ப வரும்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செய்ய வேண்டியவற்றின் வரிசை அவளுக்கும் தெரியும். மொழியைச் செய்தவர் காலத்தில் கேட்டவையே அதில் இன்னும் காத்துக்கிடந்தன.

"நீக்கியவைன்னு போடுற இடத்துலயாவது ஒரு வரி எழுதட்டுமா?"

"இருந்ததா நாம சொல்லவே இல்லையேக்கா" என்றார் அவர், மிகவும் மெதுவாக. "இல்லாததை எப்படி நீக்கினோம்னு சொல்றது?"

உடைப்பானுக்கு விஷயம் தெரிந்ததும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அக்கா மேஜைக்கு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"கவலைப்படாதீங்கக்கா. ஒடைக்கிறவனுக்குத்தான் ஒட்டவும் தெரியும்."

"உன்னை நம்பி டம்ளர்கூடக் கொடுக்க மாட்டாங்க."

"டம்ளர் வேற, இது வேற. கையேட்டுல 'மாற்று'ன்னு ஒண்ணு இருக்குல்ல? எழுத்து விழுந்தப்புறம் அதைப் பாத்து வேற எழுத்தா மாத்துறது. அதை வச்சு அண்ணனோட வேலையைச் செஞ்சுடலாம். விசையைப் பாக்கவே வேண்டாம். தலைவரும் ஒண்ணும் சொல்ல முடியாது, அதுக்குப் பக்கம் இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். உடைப்பான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். இடைவெளி விழுந்தது, எழுத்து விழுந்தது, இரண்டும் மறைந்து சரியான எழுத்து வந்தது. அக்காவுக்கு மூச்சு வந்தது.

"வேகமா அடி" என்றாள்.

வேகமாக அடித்தான். முதல் எழுத்து மாறுவதற்குள் இரண்டாவது எழுத்து வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. மாற்று தவறான எழுத்தைப் பிடித்து மாற்றியது. ஒரு வார்த்தை முடிவதற்குள் வாயில் நுழையாத எழுத்துக்கூட்டம் ஒன்று திரையில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் மெதுவா?"

மெதுவாக அடித்தால் சரியாக வந்தது. நடை பழகுகிற குழந்தையின் வேகம். டாக்டர்கள் அந்த வேகத்தில் பேச மாட்டார்கள்.

அன்றைக்கும் மறுநாளும் அவன் ஏதேதோ செய்து பார்த்தான். கடைசியில் நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டான். "அண்ணன் மெஷின்ல வேற ஏதாவது புரோகிராம் ஏத்த முடியாதா? வெளிய நெறைய கெடைக்குதே."

"ஆபீஸ் மெஷின். ஆஸ்பத்திரி சமாசாரம்னு பூட்டி வச்சிருக்காங்க. அவங்க ஏத்தினதைத் தவிர ஒண்ணும் ஏறாது."

"பழைய பதிப்பையே வச்சுக்கிட்டா?"

"அதுவா மாறிக்கும். ராத்திரி படுத்து எழுந்தா புதுசு இருக்கும்."

உடைப்பான் தலையைச் சொறிந்தான். "நான் உருப்படியா ஒட்டினது ஒண்ணுமே இல்லக்கா" என்றான். அவனுக்கு வேடிக்கை பண்ணத்தான் தெரியும், அது அன்றைக்கு வாயில் சரியாக வரவில்லை. அக்கா அவன் தோளில் தட்டி, சாப்பிடப் போகச் சொன்னாள்.

வீட்டில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் மென்று விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் அறைக்குப் போனாள். அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல், ஹெட்போன் மாட்டிய ஆணி, மேஜைக்கடியில் கால்மிதி. அண்ணன் வேலை முடித்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அந்தக் கொட்டாவி டாக்டர் பாப்பா. 'நோயாளிக்கு நெஞ்சில்' அப்படின்னு ஆரம்பிச்சு ஒரு கொட்டாவி. நெஞ்சுல என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லல. பாவம் அந்த ஆளு."

அண்ணி துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். அண்ணி கையில் இருந்த துணி பாதி மடிப்பில் நின்றது.

அண்ணன் கேட்டார்: "பக்கம் இருந்திருந்தா?"

"ஒரு பதிப்பு முன்னாடியே சொல்லியிருப்பாங்க. வேற ஒண்ணு கொடுத்திருப்பாங்க. கொடுக்காம எடுக்க முடியாது."

"ஏன் எழுதல?"

"ஜன்னலோரத்து மெஷின்ல மட்டும் சரியா வரல அண்ணா."

"அந்த மெஷின் இருக்கா இன்னும்?"

"தூக்கிப் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

அண்ணன் அவளைப் பார்த்தார். கோபித்திருந்தால் தேவலை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சின்ன வயசுலயே நீ அப்படித்தான். எல்லாம் சரியா இருக்கணும் உனக்கு."

"உங்க ஆபீஸ்ல சொல்லிப் பாக்கலாமேங்க" என்றாள் அண்ணி. "இந்த மாதிரி ஒரு கைதான்னு சொன்னா, ஏதாவது வழி பண்ண மாட்டாங்களா?"

"அவங்களுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"என் கை. நான் சொன்னதே இல்ல. எழுத்து வருது, சரியா வருது, அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும்." பிறகு சொன்னார்: "அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு."

அண்ணி துணியை மடித்து முடித்தாள்.

புதுப் பதிப்பு வந்த அன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டாள். காலையில் அண்ணன் வழக்கம்போலக் குளித்து, சட்டை மாற்றி, மேஜை முன்னால் உட்கார்ந்தார். எடிட்டர் திறந்தது. ஓரத்தில் புது நிறத்தில் ஒரு சின்ன வாழ்த்து. இடைவெளியைத் தட்டிவிட்டு ஒரு விசையை அழுத்தினார். ஒரு இடைவெளியும் இடப்பக்கத்து எழுத்தும் விழுந்தன. இரண்டையும் அழித்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிதியை அழுத்தினார். இடது கையைத் தூக்கி வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனார், எழுத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினார், திரும்பக் கொண்டுவந்தார். புத்தம் புதிதாக இருந்த அந்த விசைகளின் மேல் விரல் வழுக்கியது. டாக்டர் ஒரு வாக்கியம் சொல்லி முடித்திருந்தார், இவர் இரண்டு வார்த்தையில் இருந்தார். மிதியை விட்டார், அழுத்தினார், விட்டார். மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டிய பதிவுகள் வரிசையில் நின்றன. வரிசை அவர் கண் முன்னாலேயே நீண்டது. முதல் பதிவில் பாதி முடிவதற்குள் சட்டையின் முதுகு ஈரமாகிவிட்டது.

அக்காவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"அண்ணா, நீ கேட்டுச் சொல்லு. நான் அடிக்கிறேன். தினமும் காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி கொஞ்சம், வந்தப்புறம் கொஞ்சம். இல்லன்னா நான் வேலையை விட்டுடுறேன். ரெண்டு பேருமா பாத்துக்கலாம்."

அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டார்.

"உனக்குக் காது கேக்குதுல்ல?"

"கேக்குது."

"கை ரெண்டும் இருக்கு."

அவள் கைகளை விசைப்பலகைப் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நீயே கேட்டு நீயே அடிச்சுடலாமே பாப்பா. நடுவுல நான் எதுக்கு?"

அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கு சரிதானா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும் என்று எழுதி வைத்தவள் அவள். இந்தக் கேள்விக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அண்ணி தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. ஆபீசிலிருந்து ஒரு செய்தி வந்தது, பதிவுகள் ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தாமதித்ததில்லையே என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணன் அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டாவது தடவை படித்தார். பிறகு ஒரு புதுப் பக்கம் திறந்தார்.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் அண்ணி.

"வேலையை விட்டுடுறேன்னு."

"நான் அடிக்கட்டுமா அண்ணா?"

"வேண்டாம்."

அவரே அடித்தார். இடது கை போனது, வந்தது, போனது. தவறான எழுத்து விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி அடித்தார். காரணம் என்று வந்த இடத்தில் நின்று யோசித்தார். அக்கா முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். கையைப் பற்றி எழுதுவார் என்று நினைத்தாள். கட்டளையைப் பற்றி, அதைச் செய்த கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதுவார் என்று நினைத்தாள். அதில் தன் பங்கும் வந்துவிடட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். அவர் 'சொந்தக் காரணங்களால்' என்று அடித்தார். அதை அடிக்கவே வெகு நேரம் பிடித்தது. அடுத்த வரியில், இயந்திரத்தையும் கால்மிதியையும் எப்போது வந்து எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருந்தார். அதற்கும் அடுத்த வரியில் நன்றி சொல்லியிருந்தார்.

வெயில் எதிர்ச் சுவரிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, அது நிற்கவே இல்லை.

அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"அனுப்பிடு பாப்பா."

"நீயே அனுப்பு அண்ணா. பட்டனைத் தொட்டா போதும்."

"கை வலிக்குது."

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வருஷக்கணக்காக ஓடிய கை அது. ஒரு நாளும் வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை. அவள் குனிந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அதை அனுப்பினாள். போய்விட்டது என்று திரையில் வந்தது. அண்ணன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.